கூரையில் கட்டிய கண்கள் - கராஜ் கதவுக்கு மோட்டார் மாட்டப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் வீடு வாங்கிய அண்ணன், அக்கா, சித்தப்பா என்று யாராவது ஒருவர் இப்போது பல குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் முதல் போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் புல்வெளி, ஓரத்தில் ஒரு தபால்பெட்டி, பின்னால் வீட்டு முகப்பில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய வெள்ளைக் கதவு. "இது என்னடா, கடை ஷட்டரா?" என்று பாட்டி கேட்டால் அதில் தப்பே இல்லை. அதுதான் கராஜ் கதவு.

இந்தக் கதவை இன்னும் கையால் தூக்கிக்கொண்டிருப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். பழைய வீடாக இருக்கும், மோட்டாரே இருந்திருக்காது. அல்லது இருந்த மோட்டார் செத்துப்போய் வருஷக்கணக்கில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். பனி கொட்டும் ராத்திரியில் காரை விட்டு இறங்கி, குனிந்து, கதவைத் தூக்கி, மறுபடி காரில் ஏறி... ஒரு நாள் வெறுத்துப்போய் கடைக்குப் போகிறார்கள். சில நூறு டாலருக்கு ஒரு பெட்டி கிடைக்கிறது. சனிக்கிழமை முழுக்க வேலை. ஞாயிற்றுக்கிழமை ரிமோட்டை அழுத்தினால் கதவு தானாகத் திறக்கிறது. வீட்டுக் குழந்தைகள் கை தட்டுகிறார்கள். சுபம்!

இதில் எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இருக்கிறது. இந்த ஒரு நாள் வேலைக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இறந்துபோன குழந்தைகள் இருக்கிறார்கள். பி.காம் புத்தகத்தில் படித்துவிட்டுப் பரீட்சையோடு மறந்துபோகிற சில பாடங்களும் இருக்கின்றன.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இரண்டே விஷயம். ஒன்று, மோட்டாரை வாங்கும் முன் கதவைப் பாருங்கள். இரண்டு, பெட்டிக்குள் வரும் அந்த இரண்டு சின்னக் 'கண்களை'த் தரைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள், கூரையில் மாட்டாதீர்கள். இரண்டாவது ஏன் என்று கடைசிவரை படித்தால் புரியும்.

கதவைத் தூக்குவது யார்?

மோட்டார்தான் என்று பதில் சொன்னால், மன்னிக்கவும், மார்க் கிடையாது.

இரண்டு கார் நிறுத்தும் கராஜின் கதவு பொதுவாக 16 அடி அகலம், 7 அடி உயரம் இருக்கும். இரும்புத் தகட்டில் செய்ததே 70 கிலோவுக்கு மேல் வரும். மரக் கதவு என்றால் இன்னும் அதிகம். இவ்வளவு எடையை ஒரு அம்மா ஒரு கையில் பால் பாக்கெட்டை வைத்துக்கொண்டு மறு கையால் தூக்கிவிடுகிறார். எப்படி? கதவுக்கு மேலே ஒரு நீளமான தண்டில் முறுக்கி வைத்த ஸ்பிரிங் இருக்கிறது. சில வீடுகளில் பக்கவாட்டு டிராக்குகளுக்கு மேலே இழுபடும் ஸ்பிரிங் இரண்டு இருக்கும். கதவு கீழே இறங்க இறங்க ஸ்பிரிங்கில் விசை சேர்கிறது. தூக்கும்போது அந்த விசை திரும்பி வந்து எடையைத் தாங்கிக்கொள்கிறது.

நம்ம ஊர்க் கிணற்றுத் துலா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். துலாவின் பின்முனையில் கல்லைக் கட்டியிருப்பார்கள். தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்குவது அந்தக் கல்தான், இறைப்பவர் கொஞ்சம் கை கொடுக்கிறார், அவ்வளவுதான். கடை ஷட்டரிலும் இதே கதைதான். உருளைக்குள் ஸ்பிரிங் சரியாக இருந்தால் கடைப்பையன் கொக்கிக் கம்பியால் ஒரு இழுப்பில் திறந்துவிடுவான். ஸ்பிரிங் தளர்ந்துபோன ஷட்டரில் இரண்டு பேர் தொங்க வேண்டியிருக்கும்.

மேல்நோக்கித் திறக்கும் இந்த மடிப்புக் கதவை அமெரிக்காவில் சி.ஜி. ஜான்சன் என்பவர் 1921-ல் கொண்டுவந்தார். அதைத் திறக்கும் மின்சார மோட்டார் 1926-ல் வந்தது. முதலில் கதவு, ஐந்து வருஷம் கழித்துத்தான் மோட்டார் என்ற இந்த வரிசையை மனதில் வையுங்கள். கையால் சுலபமாகத் தூக்க முடிகிற கதவு இருந்ததால்தான் அதற்கு ஒரு சின்ன மோட்டார் போதுமானதாக இருந்தது. கடையில் கிடைக்கும் அரை குதிரைத்திறன் மோட்டார் கதவின் முழு எடையையும் சுமப்பதற்காகச் செய்யப்பட்டது அல்ல. எடையை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி, கதவை ஓட்டிக்கொண்டு போக மட்டும் செய்யப்பட்டது.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கதவு கனமாகிவிட்டது, தூக்க முடியவில்லை, அதனால் மோட்டார் மாட்டுவோம் என்று கிளம்புகிறார்கள். கதவு திடீரென்று கனமானால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது அல்லது உடைந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கதவில் மோட்டாரை மாட்டினால் கொஞ்ச நாள் முனகிக்கொண்டே இழுக்கும். அப்புறம் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்து, மோட்டார் மட்டும் சுற்றும், கதவு நகராது. நஷ்டத்தில் ஓடும் கடைக்குக் கடன் வாங்கிக் கொடுத்த கதைதான். நோய் ஒரு இடம், மருந்து வேறு இடம்.

சோதனை ரொம்பச் சுலபம், பைசா செலவில்லை. கதவைக் கையால் பாதி உயரத்துக்குத் தூக்கி மெதுவாகக் கையை எடுங்கள். அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரி. கீழே விழப் பார்த்தாலோ, தானாக மேலே ஏறினாலோ சரியில்லை. கையை எடுக்கும்போது கதவுக்குக் கீழே காலை வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. :-)

ஸ்பிரிங்குக்கும் ஆயுள் உண்டு. சாதாரண ஸ்பிரிங்கைச் சுமார் 10,000 முறைக்கு என்று கணக்கிட்டுச் செய்கிறார்கள். ஒருமுறை திறந்து மூடினால் ஒன்று. ஒரு குடும்பம் தினமும் நான்கு தடவை திறந்து மூடுகிறது என்றால் வருஷத்துக்கு 1,460. ஏழு வருஷத்துக்குள் கணக்கு முடிந்துவிடும். தேய்மானத்தை வருஷக் கணக்கில் போடாமல் உபயோகக் கணக்கில் போடும் முறை ஒன்றைப் படித்திருப்பீர்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. இன்னொன்றும் கவனியுங்கள். மோட்டார் வந்த பிறகு கதவைத் திறப்பது சுலபமாகிவிடுகிறது, அதனால் அடிக்கடி திறக்கிறார்கள். ஸ்பிரிங் இன்னும் சீக்கிரம் போகிறது.

எதை நீங்களே செய்யலாம், எதைச் செய்யக் கூடாது

கொஞ்சம் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் மோட்டாரைத் தானே மாட்டிவிடலாம். அதில் கர்வப்படவும் செய்யலாம். ஆனால் கதவின் மேலே முறுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங்கில் மட்டும் கை வைக்கக் கூடாது. ஒரு 70 கிலோ கதவைத் தூக்கி நிறுத்தும் விசை அந்தச் சுருளுக்குள் அடைபட்டிருக்கிறது. அதை முறுக்கவும் தளர்த்தவும் தனியாக இரும்புக் கம்பிகள் இருக்கின்றன. அதற்குப் பதிலாக ஸ்குரூ டிரைவரைச் செருகித் திருப்பி, அது நழுவி, விரலையும் பல்லையும் இழந்தவர்கள் உண்டு. அந்த ஒரு வேலைக்குத் தெரிந்த ஆளைக் கூப்பிட்டுக் கூலி கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மற்றபடி, இருக்கும் பழைய கதவில் புது மோட்டார் மாட்டும்போது பார்க்க வேண்டியவை:

1. டிராக் வளைந்திருக்கிறதா, ரோலர் சுற்றுகிறதா, கீல்கள் ஆடுகின்றனவா என்று முதலில் பாருங்கள். கையால் தூக்கும்போது சிக்குகிற இடத்தில் மோட்டாரும் சிக்கும்.

2. கதவின் பழைய தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள் அல்லது திறந்த நிலையிலேயே இருக்கும்படி செய்துவிடுங்கள். யாரோ பழைய ஞாபகத்தில் தாழ் போட்டிருக்க, வெளியிலிருந்து இன்னொருவர் ரிமோட்டை அழுத்தினால் கதவுத் தகடு மடங்கிப்போகும்.

3. கையால் இழுக்கக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். தானாக மேலே போகும் கதவில் தொங்கும் கயிறு குழந்தையின் கழுத்தையோ கையையோ சுற்றிக்கொள்ளலாம்.

4. பழைய கதவின் மேல் தகடு மெல்லியதாக இருந்தால் மோட்டாரின் கை வந்து சேரும் இடத்தில் ஒரு இரும்புப் பட்டையோ எல் ஆங்கிளோ கொடுத்து வலுப்படுத்த வேண்டும். கையால் தூக்கும்போது கீழே பிடித்துத் தூக்குகிறோம். மோட்டார் மேலே, ஒரே புள்ளியில் இழுக்கிறது. அந்த இடத்துக்கு அது பழக்கமில்லாத சுமை.

5. மோட்டாரின் தண்டு சுவரில் சேரும் இடத்தில் உள்ளே கட்டை இருக்க வேண்டும். அமெரிக்க வீடுகளில் பார்ப்பதற்குச் சுவர் மாதிரி இருப்பது பல இடங்களில் வெறும் ஜிப்சம் பலகை. அதில் ஸ்குரூ நிற்காது. கூரையில் தொங்கவிடும்போதும் அதே கவனம், உத்திரத்தைத் தேடித்தான் மாட்ட வேண்டும்.

6. கூரைக்குப் பக்கத்தில் எர்த் உள்ள பிளக் பாயிண்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயரைத் தொங்கவிட்டு ஓட்டக் கூடாது.

7. சுவரில் வைக்கும் பட்டனைத் தரையிலிருந்து 5 அடிக்குக் குறையாத உயரத்தில், கதவு கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும். சின்னக் குழந்தைக்கு எட்டக் கூடாது, அழுத்துகிறவருக்குக் கதவு தெரிய வேண்டும்.

இதெல்லாம் மோட்டாரோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் புது செல்போன் வாங்கினால் அதன் புத்தகத்தை யார் படிக்கிறார்கள்? அதே கதிதான் இதற்கும்.

1990-ல் ஏன் ஒரு சட்டம் வந்தது?

இப்போது அந்தக் கண்களுக்கு வருவோம்.

பழைய மோட்டார்கள் சிலவற்றில், கதவு இறங்கும்போது நடுவில் ஏதாவது தட்டுப்பட்டால் கதவு திரும்பி மேலே போகாது. சில நின்றுவிடும், சில அழுத்திக்கொண்டே இருக்கும். திரும்ப வேண்டியவையும் பராமரிப்பு இல்லாமல் திரும்பாமல் போயின. நடுவில் தட்டுப்பட்டது எப்போதும் அட்டைப்பெட்டியாகவே இருக்கவில்லை. 1982 மார்ச்சுக்குப் பிறகு 2 வயது முதல் 14 வயது வரையுள்ள சுமார் 60 குழந்தைகள் தானியங்கி கராஜ் கதவுக்கு அடியில் சிக்கி இறந்ததாக அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் தன் எச்சரிக்கை ஒன்றில் பதிவு செய்திருக்கிறது.

எப்படி நடந்திருக்கும் என்று யோசித்தால் வயிறு கலங்குகிறது. கதவு இறங்கும்போது அதற்கு அடியில் குனிந்து ஓடுவது குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு. பட்டனை அழுத்திவிட்டு வெளியே ஓடிவிட வேண்டும், யார் ஜெயிப்பது என்று பந்தயம். எந்த ஊர்க் குழந்தையாக இருந்தாலும் இதைச் செய்யும்.

1990-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி வந்த விதிகளில் முக்கியமானது இது: 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டுக் கராஜ் மோட்டார் ஒவ்வொன்றிலும், தட்டுப்பட்டால் திரும்பும் வசதி மட்டும் போதாது, இரண்டாவதாக ஒரு பாதுகாப்பும் இருக்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் அதற்குத் தேர்ந்தெடுத்ததுதான் இந்த 'கண்கள்'. கதவின் இரு பக்கமும் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் போகாமல் ஒவ்வொரு பெட்டி. ஒன்று கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும், மற்றது வாங்கிக்கொள்ளும். நடுவில் எது குறுக்கிட்டாலும், இறங்கிக்கொண்டிருக்கும் கதவு திரும்பி மேலே போய்விடும். தொடுவதற்கு முன்பே!

இங்கே ஒரு கேள்வி. நல்ல பொருளைச் செய்தால் வாடிக்கையாளர் தேடி வருவார் என்கிறார்களே, அப்படியானால் சட்டம் எதற்கு? நிறுவனங்களே இதைச் செய்திருக்கலாமே?

கடையில் நிற்கும் வாடிக்கையாளரை நினைத்துப் பாருங்கள். அவர் பார்ப்பது விலை, குதிரைத்திறன், சத்தம், எத்தனை ரிமோட் இலவசம் என்பது. "என் குழந்தை இதில் மாட்டிக்கொள்ளாது" என்றுதான் ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். பத்து நிறுவனங்களில் ஒன்று மட்டும் சென்சார் வைத்து விலையைக் கொஞ்சம் ஏற்றினால் அடுத்த அலமாரியில் இருப்பவன் வியாபாரத்தைத் தட்டிக்கொண்டு போவான். கண்ணுக்குத் தெரியாத தரத்துக்குச் சந்தை எப்படி விலை கொடுக்காமல் போகிறது என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார்களை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்ததில் அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. எல்லாரும் ஒரே நாளில் மாற வேண்டும் என்று சட்டம் சொன்னதும் இந்தச் சிக்கல் தீர்ந்தது. யாருக்கும் போட்டியில் நஷ்டமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மோட்டாரின் சுகம் காரில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு. ஆபத்து, விலை பேசும் இடத்திலேயே இல்லாத ஒரு நான்கு வயதுக் குழந்தைக்கு. அது பக்கத்து வீட்டுக் குழந்தையாகக்கூட இருக்கலாம். லாபம் ஒருவருக்கும் நஷ்டம் வேறொருவருக்கும் போகும் இடத்தில் வாங்குகிறவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுவது நியாயமில்லை. அதனால் இந்த விஷயத்தில் சட்டம் தலையிட்டது சரிதான்.

கண்கள் கூரைக்குப் போகும் கதை

சட்டம் போட்டவர்கள் புத்திசாலிகள். சென்சாரைக் கழற்றிப்போட்டால் என்ன செய்வது என்று அவர்கள் முன்பே யோசித்துவிட்டார்கள். ஒளி வந்து சேராவிட்டால் ரிமோட்டால் கதவை மூடவே முடியாது. சுவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் மூடும். அதாவது ஒரு மனிதர் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அருமையான ஏற்பாடு.

ஆனால் மனிதனின் மூளை அதைவிட அருமையானது!

இரண்டு கண்களையும் கதவுக்குப் பக்கத்தில் மாட்டாமல், மேலே மோட்டார் பெட்டிக்குப் பக்கத்திலேயே எதிரெதிராக வைத்துக் கட்டிவிடுகிறார்கள். ஒன்றை ஒன்று பார்த்தபடி காதலர்கள் மாதிரி அவை அங்கேயே இருக்கும். நடுவில் எதுவுமே குறுக்கே வராது. மோட்டாருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். கதவு ஜம்மென்று மூடும். கீழே யார் இருந்தாலும்.

இதைச் செய்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. காலையில் ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது, கதவு பாதி இறங்கிவிட்டுத் திரும்ப மேலே போகிறது. மறுபடி அழுத்தினால் மறுபடி போகிறது. காரணம் பெரும்பாலும் சில்லறைதான். குழந்தையின் சைக்கிள் இடித்துக் கண் கொஞ்சம் திரும்பியிருக்கும். சிலந்தி வலை கட்டியிருக்கும். துடைப்பம் சாய்ந்து விழுந்திருக்கும். அல்லது காலை வெயில் நேராக வாங்கும் கண்ணுக்குள் அடித்திருக்கும். நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் ஏணி போட்டு ஏறி, "இந்தச் சனியனை மேலேயே கட்டித் தொலைக்கிறேன்" என்று கட்டிவிடுகிறார்கள்.

நமக்கு இது புதிதா என்ன? ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றி வைக்காத தெரு உண்டா? ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் பைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்? சீட் பெல்ட் போடாவிட்டால் கார் கத்துகிறது என்று, பெல்ட்டே இல்லாத வெறும் கொக்கியைத் தனியாக வாங்கிச் செருகி அதன் வாயை மூடினார்களே! 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து பெரிய இணைய வர்த்தக நிறுவனங்களுக்கு அந்தக் கொக்கிகளை விற்கக் கூடாது என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. எச்சரிக்கும் கருவி தொல்லையாகத் தெரிந்தால், ஆபத்தை நீக்குவதைவிட எச்சரிக்கையை நீக்குவது சுலபம். நியூஜெர்சியிலும் சரி, நாமக்கல்லிலும் சரி, மனிதன் ஒரே மனிதன்தான்.

இத்தனைக்கும் தீர்வுகள் ரொம்பச் சின்னவை. கண்ணில் இருக்கும் சின்ன விளக்கு நிலையாக எரியும்வரை லேசாகத் திருப்பினால் போதும். தூசியைத் துணியால் துடைத்தால் போதும். வெயில் பிரச்சனை என்றால் வாங்கும் கண்ணை நிழல் விழும் பக்கமும், அனுப்பும் கண்ணை வெயில் பக்கமும் இடம் மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அல்லது வாங்கும் கண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் குழாய்த் துண்டை நிழலுக்கு வைக்கலாம். ஏணி போட்டு ஏறிக் கூரையில் கட்டுவதைவிடக் குறைந்த நேரம்தான் ஆகும்!

எதிர்க்கட்சியின் வாதம்

ஒரு வாதத்தை மட்டும் சும்மா தள்ளிவிட முடியாது. பாதுகாப்புக் கருவி வந்தால் மனிதர்கள் கவனத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று சாம் பெல்ட்ஸ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1975-ல் கார் பாதுகாப்பு விதிகளைப் பற்றி எழுதினார். அதாவது, "சென்சார் இருக்கிறதே" என்ற தைரியத்தில் கதவைப் பார்க்காமலே ரிமோட்டை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள் என்பது வாதம்.

இதில் உண்மை இருக்கிறது. அந்தக் கண்கள் பார்ப்பது ஒரே ஒரு கோட்டைத்தான். பாதி உள்ளே பாதி வெளியே நிற்கும் காரின் சக்கரங்களுக்கு நடுவே ஒளி சுலபமாகப் புகுந்து போய்விடும், கதவு காரின் மேல் இறங்கும். அதனால்தான் தட்டுப்பட்டால் திரும்பும் பழைய வசதியையும் சட்டம் கூடவே வைத்திருக்கச் சொன்னது. கண்ணும் வேண்டும், தொடு உணர்ச்சியும் வேண்டும், அழுத்துகிறவரின் கவனமும் வேண்டும்.

ஆனால் இந்த வாதத்தை வைத்துக்கொண்டு கண்களே வேண்டாம் என்று சொல்ல முடியாது. பெரியவர் கவனமாக இருந்த நாட்களைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அவர் போனில் பேசிக்கொண்டே பட்டனை அழுத்திய அந்த ஒரு நாளுக்காகத்தான் கருவி.

சட்டத்தில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. அது புதிதாகத் தயாராகும் மோட்டார்களைத்தான் கட்டுப்படுத்தியது. 1993-க்கு முன் மாட்டிய பழைய மோட்டாரை யாரும் வந்து கழற்றவில்லை. பழைய வீடு வாங்குகிறவர்கள் "மோட்டார் நன்றாகத்தானே ஓடுகிறது" என்று விட்டுவிடுகிறார்கள். ஓடுவது வேறு, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பது வேறு. கதவுக்குக் கீழே இரு பக்கமும் கண்கள் இல்லாத மோட்டாராக இருந்தால், ஓடினாலும் அதை மாற்றிவிடுவதுதான் நல்லது.

மாற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய ரிமோட்டுகள் எப்போதும் ஒரே எண்ணைத்தான் அனுப்பும். 2015-ல் சாமி கம்கார் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஒரு பொம்மைக் கருவியை மாற்றியமைத்து, அப்படிப்பட்ட கதவுகளைப் பத்து விநாடிக்குள் திறந்துகாட்டினார். ஒவ்வொரு முறையும் எண்ணை மாற்றிக்கொள்ளும் புது ரிமோட்டில் அந்த வித்தை பலிக்காது.

கரண்ட் போனால்?

நம்ம ஊர்க்காரர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. :-) அங்கே கேட்கத் தவறினார்கள்.

எல்லா மோட்டாரிலும் ஒரு சிவப்புக் கைப்பிடி தொங்கும். அதை இழுத்தால் மோட்டாரிலிருந்து கதவு விடுபடும், கையால் தூக்கிக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், முக்கியமாக ஊரிலிருந்து வந்து தங்கும் அப்பா அம்மாவுக்கு, இதைக் காட்டிக்கொடுக்க வேண்டும். கராஜுக்கு வேறு வாசலே இல்லை என்றால் வெளியிலிருந்து சாவி போட்டு விடுவிக்கும் ஒரு பூட்டையும் சேர்த்து மாட்டுவது அவசியம்.

2017-ல் வடக்குக் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ பரவியபோது மின்சாரம் போனது. கதவைத் திறக்க முடியாமல் கராஜிலேயே சிக்கியவர்கள் உண்டு, உயிரிழந்தவர்களும் உண்டு. அடுத்த ஆண்டே அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. 2019 ஜூலை 1 முதல் அங்கே விற்கப்படும், மாட்டப்படும் வீட்டுக் கராஜ் மோட்டார்களில் பேட்டரி இருக்க வேண்டும். மறுபடியும் அதே வரிசைதான். முதலில் சாவு, பிறகு சட்டம்.

இங்கேயும் ஸ்பிரிங் பாடம் திரும்ப வருகிறது. ஸ்பிரிங் தளர்ந்த கதவில் சிவப்புக் கைப்பிடியை இழுத்து என்ன பயன்? வயதானவரால் 70 கிலோவைத் தூக்க முடியாது. கதவு பாதி திறந்திருக்கும்போது இழுத்தால் அது தலைமேலேயே விழலாம். முதலில் கதவு, அப்புறம்தான் மோட்டார் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கணக்குப் புத்தகத்தில் சென்சாருக்குச் செலவு என்று ஒரு வரி இருக்கும். அதனால் நடக்காமல் போன விபத்துக்கு வரவு என்று ஒரு வரி எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அதனாலேயே அது எப்போதும் வீண் செலவாகத் தெரிகிறது. ஆனால் ஒரு பேரேட்டிலும் எழுத முடியாத அந்த வரவுதான் மற்ற எல்லா வரவையும்விடப் பெரியது.

உங்கள் அண்ணனோ அக்காவோ அடுத்த முறை வீடியோவில் பேசும்போது கராஜைக் காட்டச் சொல்லுங்கள். கதவைக் காட்டியது போதும், கதவுக்குக் கீழே இரண்டு ஓரத்தையும் காட்டச் சொல்லுங்கள். கண்கள் அங்கே இருந்தால் சந்தோஷம். மேலே கூரையில் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தால், அன்றைக்கே கீழே இறக்கச் சொல்லுங்கள். அதுவரை போனை வைக்காதீர்கள்.

பி.கு: மாதம் ஒருமுறை செய்ய வேண்டிய சோதனை இரண்டு. முதலாவது, கதவு இறங்கும்போது ஒரு துடைப்பக் குச்சியை ஒளிக்குக் குறுக்கே நீட்டுங்கள், கதவு உடனே திரும்ப வேண்டும். இரண்டாவது, ஒன்றரை அங்குலக் கனமுள்ள மரக்கட்டையைக் கதவு இறங்கும் இடத்தில் தரையில் படுக்க வைத்துக் கதவை மூடுங்கள். கட்டையைத் தொட்டதும் கதவு மேலே போக வேண்டும். போகாவிட்டால் சரிசெய்யும்வரை மோட்டாரைத் துண்டித்துவிட்டுக் கையால் திறந்து மூடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிஷம் ஆகாது.